தேக்காவைத் தாண்டிச் சாப்பிடலாம் வாங்க: சிங்கப்பூர் ஹாக்கர் சென்டரில் பழகும் விதம்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களை முதல் இரண்டு நாள் நான் இந்தியக் கடைகள் நிறைந்த தேக்கா பக்கமே விடுவதில்லை. அங்கே இட்லியும் பிரியாணியும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சாப்பிட விமானம் ஏறி வரவேண்டுமா? இந்த ஊர்க்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால், நீங்கள் தங்கியிருக்கும் பேட்டையின் ஹாக்கர் சென்டருக்கு, அதாவது பல சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடிக்குப் போங்கள். யீஷூன், அங் மோ கியோ, தோ பாயோ, எதுவானாலும் சரி. இங்கே முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் காலைப் பசியாறல், இரவுச் சாப்பாடு எல்லாமே கீழே இறங்கினால் கிடைக்கும் கடைகளில்தான்.

முன்பு தெருவோரத்தில் தள்ளுவண்டியும் கூடையுமாக விற்றவர்களைத் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வசதியோடு ஒரே கூரையின் கீழ் கொண்டுவரத்தான் 1970களில் இந்த நிலையங்களை வரிசையாகக் கட்டினார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமையெல்லாம் இருக்கட்டும், மதியம் பன்னிரண்டரை மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது.

அதனால் முதலில் இடம் பிடியுங்கள், அப்புறம் சாப்பாடு. காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்து மூக்கைத் துடைத்துவிடாதீர்கள். அந்த நாற்காலிக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இப்படி இடம் பிடிப்பதைத்தான் ‘சோப்’ (chope) பண்ணுவது என்பார்கள். குடை, அலுவலக அடையாள அட்டை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாமே இந்த வேலைக்கு ஆகும். மேசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் “இங்கே ஆள் இருக்கா?” என்று சைகையிலாவது கேட்டுவிட்டு உட்காரலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். டிஷ்யூ எப்படியும் வாங்கவேண்டும், பெரும்பாலான கடைகளில் இலவசமாகத் தருவதில்லை. வயதானவர்கள் மேசை மேசையாக விற்றுக்கொண்டு வருவார்கள், அவர்களிடமே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது கோப்பி. இதைச் சரியாகக் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதி சிங்கப்பூர் உங்கள் கையில். வெறுமனே ‘கோப்பி’ என்றால் கெட்டியான இனிப்புப் பால், அதாவது கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித் தருவார்கள். நம் நாக்குக்குத் திகட்டும். ‘கோப்பி ஓ’ என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். இவற்றோடு ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை போடமாட்டார்கள். ‘சியூ தாய்’ என்றால் இனிப்புக் குறைவு, ‘காவ்’ என்றால் டிக்காஷன் தூக்கலாக, ‘பெங்’ என்றால் ஐஸ். டீக்கும் இதே கணக்குதான், கோப்பி இருக்கும் இடத்தில் ‘தே’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ள அப்பா அம்மாவுக்கு ‘கோப்பி சி கோசோங்’ சொல்லுங்கள். கும்பகோணம் டிகிரி காப்பிக்குப் பழகியவர்களுக்கு ‘கோப்பி சி காவ் சியூ தாய்’ ஓரளவு கிட்டே வரும். ஓரளவுதான்! கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுக்கிறார்கள், அந்தக் கருகல் வாசம் பிடிக்கச் சில நாள் ஆகும். கடைக்காரரை ‘அங்கிள்’, ‘ஆன்டி’ என்று கூப்பிடுங்கள், அதுதான் இங்கே மரியாதை. கூட்டமான நேரத்தில் வார்த்தையைச் சுருக்கமாகச் சொல்லி, சில்லறையைத் தயாராக வைத்திருந்தால் அவர்களுக்கு உங்களைப் பிடித்துவிடும்.

அதோடு ஒரு காயா ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் சொல்லுங்கள். காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் கிண்டியது, பாண்டான் இலை வாசத்தோடு இருக்கும். முட்டையில் கறுப்பு சோயா சாஸும் வெள்ளை மிளகுத் தூளும் போட்டுக் கலக்கி, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். என் மனைவி இன்னும் அதைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. எனக்கு அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாது.

மதியத்துக்குப் பல தட்டுகளில் கறி, காய், மீன் பரப்பி வைத்திருக்கும் சீனச் சோற்றுக் கடை நல்லது. பெயர் தெரியவேண்டாம், விரலால் காட்டினால் போதும். விலை எத்தனை வகை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழு மீனையும் இறாலையும் மட்டும் விலை கேட்டுவிட்டுக் காட்டுங்கள், கணக்கு ஏறுவது அங்கேதான். வரிசை நீளமாக இருக்கும் கடைக்குத்தான் போகவேண்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வரிசையில் அந்தப் பேட்டைத் தாத்தா பாட்டிகள் நின்றால் நில்லுங்கள். எல்லாரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

சைவக்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்கவேண்டும். கோழிச் சோற்றில் கோழித் துண்டை எடுத்துவிட்டால் ஆச்சா? அந்தச் சோறே கோழிச் சாற்றில் வெந்தது. லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸில் காய்ந்த இறால், சம்பால் என்ற மிளகாய்ச் சட்னியில் பெலாச்சான் என்ற இறால் விழுது. புரோட்டாவுக்குப் பல கடைகளில் மீன் குழம்போ ஆட்டுக்கறிக் குழம்போ ஊற்றுவார்கள், பருப்புக் கறி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அந்தக் கடைகளில் பலவற்றைத் தமிழ் முஸ்லிம்கள் நடத்துவதால் தமிழிலேயே கேட்கலாம். நிம்மதியாகச் சாப்பிட சீன பௌத்த சைவக் கடை இருக்கிறது. அங்கே பீஹூன் என்ற அரிசிச் சேமியா எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வெங்காயம் பூண்டு கூட இருக்காது. ஆனால் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த ‘கறி’ அசல் கறி போலவே இருக்கும். என் மாமியார் “இது சைவமே இல்லை” என்று தட்டைத் தள்ளிவிட்டார். கடைக்கார ஆன்டி வந்து கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டார்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தியன் முஸ்லிம் கடையின் சிவப்பு மீ கோரெங்கை, அதாவது வறுத்த நூடுல்ஸை, விட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் இங்கே வந்து உருவாக்கியது, தமிழ்நாட்டில் தேடினால் கிடைக்காது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள். 2021 செப்டம்பர் முதல் ஹாக்கர் சென்டர்களில் தட்டையும் குப்பையையும் நாமே எடுத்து வைப்பது கட்டாயம். முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், எழுதியிருப்பதைப் பார்த்து வையுங்கள்.

திங்கட்கிழமை பல கடைகள் விடுமுறை. சில மாதத்துக்கு ஒருமுறை துப்புரவுக்காக நிலையத்தையே மூடுவார்கள், தூரத்தில் இருக்கும் பெயர் பெற்ற இடத்துக்குக் கிளம்புமுன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டலம் வேண்டுமென்றால் ‘தாபாவ்’ என்று சொன்னால் கட்டித் தருவார்கள். எம்ஆர்டி என்ற நகர ரயிலில் மட்டும் அதைப் பிரித்துவிடாதீர்கள், ரயிலிலும் நிலையத்திலும் சாப்பிடவோ குடிக்கவோ அனுமதி இல்லை. டுரியான் பழத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஏறுவதற்கும் தடைதான்.