பாறைக்குழி நண்டைப் படம்பிடிக்க

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும். குமரி மாவட்டத்து முட்டம் மாதிரிப் பாறைக்கரைக்கு, வற்றி முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய்விடுங்கள். பாறைக்குழியில் தேங்கிய தண்ணீர் பக்கத்தில், உங்கள் நிழல் அதில் விழாதபடி சும்மா உட்காருங்கள். சுறுசுறுப்பாக நகர்கிற சங்கு பெரும்பாலும், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டாக இருக்கும். ஆள் அசைந்தால் சட்டென்று உள்ளே போய்விடும். பொறுத்திருந்தால் முதலில் மெல்லிய உணர்கொம்பு, அப்புறம் காம்பு வைத்த கண் எட்டிப்பார்க்கும். அந்த நேரம்தான் படம். கேமராவை மேலிருந்து பிடிக்காமல் நண்டின் கண்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். தண்ணீர் பளபளத்தால் போலரைசிங் ஃபில்டர் உதவும். பாறையில் ஒட்டி வாழும் சிறிய ஓட்டு உயிரியான கொட்டலசு, முழுகிக்கிடக்கும்போது இறகு போன்ற கால்களை வீசி இரை பிடிப்பதற்கு வீடியோதான் சரி. கல்லைப் புரட்டினால் பழையபடியே திருப்பி வையுங்கள். அலைக்கு மட்டும் முதுகு காட்டாதீர்கள்.