ஜாயின் எழுதுமுன் வரிசைகளை எண்ணுங்கள்: சினூக் தரவுத்தளத்தில் ஒரு பயிற்சி

தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் (SQL), இரண்டு அட்டவணைகளை இணைக்கும் வினவலை, அதாவது ஜாயினை (JOIN), எழுத ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். வந்த விடை சரிதானா என்று சொல்லத்தான் பழக்கம் வேண்டும். தவறான ஜாயின் பெரும்பாலும் பிழைச்செய்தி எதையும் காட்டாமல், நம்பும்படியான தோற்றத்தில் தவறான எண்களைத் தந்துவிடுகிறது. ஆகவே, எத்தனை வரிசைகள் வரவேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, அதன்பின் வினவலை இயக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

பயிற்சிக்குச் சினூக் என்னும் மாதிரித் தரவுத்தளம் பொருத்தமானது. கற்பனையான ஓர் இசை விற்பனைக் கடையின் கணக்காகிய அது இலவசமாகக் கிடைக்கிறது, எஸ்க்யூலைட் (SQLite) என்னும் எளிய தரவுத்தள மென்பொருளிலேயே இயங்கும். அதன் ஆர்ட்டிஸ்ட் அட்டவணையில் 275 கலைஞர்களும் ஆல்பம் அட்டவணையில் 347 ஆல்பங்களும் உள்ளன. கலைஞரின் பெயர் ஆல்பம் அட்டவணையில் இல்லை. அவருடைய ஆர்ட்டிஸ்ட் ஐடி மட்டுமே அங்கே ஃபாரின் கீயாக, அதாவது வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் மதிப்பாக, இருக்கிறது. 1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலை மாதிரியின் அடிப்படையே இதுதான்: தரவுகளுக்கிடையே உள்ள தொடர்பை, இரு பக்கமும் ஒத்திருக்கும் மதிப்பே சுமக்கிறது.

முதலில் இன்னர் ஜாயின், அதாவது இரு பக்கமும் பொருந்தும் வரிசைகளை மட்டும் தரும் இணைப்பு. ஆர்ட்டிஸ்ட் அட்டவணையை ஆல்பத்துடன் ஜாயின் செய்து, ஆன் (ON) என்ற சொல்லுக்குப் பின் இரண்டிலும் உள்ள ஆர்ட்டிஸ்ட் ஐடி சமமாக இருக்கவேண்டும் என்று எழுதுங்கள். ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஒரே ஒரு கலைஞர்தான் என்பதால் 347 வரிசைகள் வரவேண்டும், வரும். இப்போது வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பாருங்கள். ஆல்பத்தின் ஆர்ட்டிஸ்ட் ஐடிக்குப் பதிலாக ஆல்பம் ஐடியைச் சமன்படுத்தினால் 275 வரிசைகள் கிடைக்கும். கலைஞர்களின் எண்ணிக்கையும் 275 என்பதால் அது சரியான விடைபோலவே தோன்றும், ஆனால் ஆல்பங்கள் தொடர்பில்லாத கலைஞர்களின் பெயரில் நிற்கும். 347 என்று முன்பே குறித்துவைத்தவர் மட்டுமே இதை உடனே கண்டுபிடிப்பார்.

இணைப்பு நிபந்தனையை ஆன் பகுதியில் தனியாக எழுதும் வடிவம் எஸ்க்யூஎல்-92 தரநிலையில் வந்தது. அட்டவணைப் பெயர்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கி, நிபந்தனையை வரிசைகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் வைக்கும் பழைய வடிவம் இன்றும் இயங்குகிறது. ஆனால் அந்த நிபந்தனை விடுபட்டுவிட்டால் ஒவ்வொரு கலைஞரும் ஒவ்வோர் ஆல்பத்தோடும் சேர்ந்து 95,425 வரிசைகள் கொட்டும். புதிய வடிவத்தையே பழகுங்கள்.

ஆல்பம் இல்லாத கலைஞர்களும் பட்டியலில் வேண்டுமானால், இடப்பக்கம் எழுதிய ஆர்ட்டிஸ்ட் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் தக்கவைக்கும் லெஃப்ட் ஜாயின் தேவை. அத்தகையவர்கள் 71 பேர். எனவே 347-உடன் 71 சேர்ந்து 418 வரிசைகள் வரும், அந்த 71 வரிசைகளிலும் ஆல்பத்தின் நெடுவரிசைகள் நல் (NULL), அதாவது மதிப்பு இல்லை, என்றிருக்கும். இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஆல்பத் தலைப்பைப் பற்றிய நிபந்தனையை வேர் பகுதியில் வைத்தால், நல்லோடு எதை ஒப்பிட்டாலும் உண்மை என்ற விடை வராது என்பதால், அந்த 71 பேரும் காணாமற்போய் லெஃப்ட் ஜாயின் இன்னர் ஜாயினாகவே மாறிவிடும். அவர்களைத் தக்கவைக்க வேண்டுமெனில் நிபந்தனையை ஆன் பகுதிக்கு நகர்த்துங்கள்.

வலப்பக்க அட்டவணையை முழுதாகத் தக்கவைக்கும் ரைட் ஜாயினை அட்டவணைகளின் இடத்தை மாற்றி லெஃப்ட் ஜாயினாகவே எழுதிவிடலாம். இரு பக்கத்தையும் தக்கவைக்கும் ஃபுல் அவுட்டர் ஜாயின் அரிதாகவே தேவைப்படும். எஸ்க்யூலைட்டில் அது 2022-இல் வெளியான 3.39 பதிப்பில்தான் வந்தது, மைஎஸ்க்யூஎல் (MySQL) என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இல்லை.

எனக்கு மிகவும் கவலையளிக்கும் தவறு கூட்டுத்தொகையில் நேர்வது, ஏனெனில் அது பணக்கணக்கைத் தொடுகிறது. இன்வாய்ஸ் அட்டவணையில் 412 ரசீதுகள். அவற்றின் டோட்டல் நெடுவரிசையைக் கூட்டினால் 2328.60. இன்வாய்ஸ் லைன் அட்டவணையிலோ விற்ற பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 2240 வரிசைகள். இரண்டையும் இணைத்தபின் டோட்டலைக் கூட்டினால், பதினான்கு பாடல்கள் கொண்ட ரசீதின் தொகை பதினான்கு முறை சேர்ந்து வருமானம் பல மடங்கு பெருகிவிடும். ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் (DISTINCT) என்ற சொல்லைச் சேர்த்து இதைச் சரிசெய்ய முயல்வது இன்னொரு தவறு: 1.98 என்ற ஒரே தொகையுள்ள ரசீதுகள் பல இருப்பதால், அவையெல்லாம் ஒன்றாகச் சுருங்கிவிடும். பாடல்வாரியான விவரம் தேவையெனில் லைன் வரிசையின் விலையை எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். ரசீது விவரமும் லைன் விவரமும் சேர்ந்தே தேவையெனில், லைன் அட்டவணையை உள்வினவல் ஒன்றில் இன்வாய்ஸ் ஐடிவாரியாகத் தொகுத்து, ரசீதுக்கு ஒரு வரிசை என்று ஆக்கியபின் இணையுங்கள். அப்போது வரிசைகள் 412-ஆகவே நிற்கும்.