பீப்பாயில் ஊறிய கறுப்புப் பியர்: நான் விட்ட பிழைகள்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் பாரில் 12 வருடமாக நிற்கிறேன். போன மாதம், ஒரு விருந்தாளி விட்டுப்போன போத்தலைத் திறந்து, புதிதாக வேலைக்கு வந்த மூன்று பொடியன்களுக்குக் காட்டலாம் என்று கூப்பிட்டேன். வைன் பீப்பாயில் ஊறவைத்த கடும் ஸ்டவுட். நான் கிளாஸ் துடைத்து முடிப்பதற்குள் ஒருவன் போத்தலை ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டான். இன்னொருவன் குசினிக்குப் போய் டெவில்ட் இறாலுக்குச் சொல்லிவிட்டு வந்தான். மூன்றாமவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணன், இது பழுதாப் போச்சு" என்றான். திட்ட வாய் வரவில்லை. மூன்றையும் நானே செய்திருக்கிறேன்.

போத்தலோடு வாய் வைக்காதே, ஐஸ் போடாதே, கோலா கலக்காதே என்பதெல்லாம் இங்கே வராது. அது தெரியாதவர் இதை வாசிக்கவும் மாட்டார்.

ஸ்டவுட் நம் ஆட்களுக்குப் புதிதில்லை. லயன் ஸ்டவுட்டிலேயே மதுசாரம் 8.8 வீதம். நான் சொல்கிற சாமான் அதைவிட ஒரு படி மேலே, 10, 12 வீதம் வரை போகும். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் காய்ச்சி ரஷ்ய அரண்மனைக்கு அனுப்பிய கறுப்புப் பியரின் வழியில் வந்தது. இம்பீரியல் ஸ்டவுட் என்ற பெயர் அதனால்தான். அதை, வைன் இருந்து காலியான ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். 225 லீட்டர் கொள்ளும் போர்தோ பீப்பாய் இதற்கு நிறையவே பயன்படும். பலகைக்குள் ஊறிக் கிடந்த வைன் பியருக்குள் இறங்கும், மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். பலகை வழியே காற்றும் மெல்ல மெல்ல உள்ளே போகும்.

"பழசானால் நல்லது" என்று பூட்டி வைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிற பிழை இதுதான். காசும் போகும், மனமும் கெடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, போகும்போது இந்தப் பியரில் ஒரு சின்னப் போத்தல் தந்தார்கள். 375 மில்லிலீட்டர். தக்கை போட்டு, மேலே கம்பி முறுக்கி இருந்தது. அந்தத் தக்கையைப் பார்த்து நான் அதை வைன் மாதிரியே நினைத்துவிட்டேன். வைன் என்றால் படுக்க வைக்க வேண்டும், வருடம் போகப் போக ருசி ஏறும், இவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்த பாடம். கல்லடியில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே, பழைய சாரத்தில் சுற்றி, படுக்க வைத்தேன். லண்டனில் இருக்கும் மூத்த அண்ணன் வரும்போது திறப்பதாகத் திட்டம். அவர் வர 3 வருடம் ஆனது.

அலுமாரிக்கு மேலே சீற் கூரை. சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் மத்தியானம் யாரும் படுக்க மாட்டோம். அங்கேதான் போத்தல் படுத்திருந்தது.

திறந்தபோது 'புஸ்' என்ற சத்தம்கூட வரவில்லை. முதலில் வந்தது சோயா சோஸ் வாசம். பின்னால் மழையில் நனைந்த காட்போட் பெட்டி. திராட்சையும் இல்லை, நாவல்பழமும் இல்லை, ஒரு பழமும் இல்லை. அண்ணன் ஒரு வாய் விழுங்கிவிட்டு, "பரவாயில்லடா" என்றார். கொஞ்ச நேரத்தில் வீட்டில் சாராயம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

நடந்தது இதுதான். பீப்பாய் இருந்தது குளிர்ந்த நிலவறையில். எவ்வளவு நாள் வைக்க வேண்டும், எந்தப் பீப்பாயை எதோடு கலக்க வேண்டும் என்று காய்ச்சுகிறவர் சுவைத்துச் சுவைத்துப் பார்த்து, சரி என்று பட்டபிறகுதான் போத்தலில் அடைக்கிறார். ஊற வேண்டியது பெரும்பாலும் அங்கேயே ஊறி முடிந்துவிட்டது. அதன் பிறகும் சில போத்தல்கள் வருடக்கணக்கில் நன்றாக மாறும், உண்மைதான். ஆனால் அது 12 பாகையில். வெப்பம் 10 பாகை கூடினால் பியருக்குள் நடக்கிற சிதைவு இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. மட்டக்களப்பில் 30 சர்வசாதாரணம், சீற் கூரைக்குக் கீழே இன்னும் மேலே. என் 3 வருடம் அந்தப் போத்தலுக்கு எத்தனை வருடம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். உள்ளே மாட்டியிருந்த காற்று காட்போட் வாசத்தைத் தந்தது. அடியில் படிந்திருந்த ஈஸ்ட் செத்துக் கரைந்து சோயா சோஸ் வாசத்தைத் தந்தது. வைனின் பழவாசம்தான் முதலில் ஓடிப்போகிற ஆள். பீப்பாய்க்காகக் கொடுத்த காசு அதோடு போய்விட்டது.

படுக்க வைத்ததும் பிழை. வைனைப் படுக்க வைப்பது தக்கை காயாமல் இருக்க. பியரை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் நிற்கும், ஊற்றும்போது கிளாஸுக்குள் வராது.

இவ்வளவையும் பொடியன்களுக்குச் சொல்லி முடிக்க, ஃப்ரீசர்க்காரன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணன், என்னட்டயும் ஒண்டு இருக்கு. பத்திரமா வச்சிருக்கன்."

"எங்க?"

"றூம்ல, ட்ரங்குப் பெட்டிக்குள்ள. தைப்பொங்கல்ல இருந்து."

அவன் றூம் சலவை இயந்திரங்களுக்கு அடுத்த சுவர். நான் ஒன்றும் பேசவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நிறுத்தினேன். உங்களிடமும் இருந்தால் அதையே செய்யுங்கள், சில மாதத்துக்குள் குடித்தும் விடுங்கள். கிணற்றுக்குள் கட்டித் தொங்கவிடுகிற யோசனையும் ஒருவர் சொன்னார். நம் கிணற்றுத் தண்ணீர் குளிக்கிற உடம்புக்குத்தான் குளிர்.

கல்லுக் குளிரில் குடிப்பது

வெயிலூரில் பியர் என்றால் பல் கூச வேண்டும். சாதாரண லாகருக்குச் சரி. இதற்கு அது வாயை அடைத்துவிடுகிறது: வாசம் மேலே எழும்பாது, கசப்பும் துவர்ப்பும் மட்டும் நாக்கில் நிற்கும். 12, 14 பாகைதான் இதற்கு இடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேசையில் விடுங்கள். போத்தல் வியர்த்து, மேசையில் வட்டமாகத் தண்ணீர் தேங்கும். அப்போது கொஞ்சம் ஊற்றி, கிளாஸின் வயிற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இருங்கள். முதல் வாயில் கருகிய கோப்பி மட்டும் வரும். கால் மணி நேரம் கழித்து அதே கிளாஸில் பேரீச்சம்பழம் வரும். ஆனால் மறந்துபோய் ஒரு மணி நேரம் விட்டால் நம் சூட்டில் ஸ்பிரிட் மட்டும் மூக்கில் ஏறும், அதையும் நான் செய்திருக்கிறேன்.

காரமான பைட்ஸ்

மிளகாயின் எரிவை உணர்கிற அதே நரம்பு முனைகளை மதுசாரமும் கிளறும். 11 வீதப் பியரோடு டெவில்ட் இறால் சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து எரியும். பியர் எங்கே என்று தேட வேண்டி வரும். வறுத்த கஜு போதும், உப்பும் குறைவாக. இறாலைப் பிறகு சாப்பிடலாம், அது எங்கேயும் ஓடாது.

புளித்தால் பழுது என்று கீழே ஊற்றுவது

இது எல்லாப் புதியவர்களும் செய்வது. வைன் பீப்பாய் என்பது கழுவித் துடைத்த இரும்புத் தொட்டி இல்லை. மர இடுக்கில் பக்டீரியாவும் காட்டு ஈஸ்டும் குடியிருக்கும். சில மதுவாலைகள் வேண்டுமென்றே அவற்றை விட்டுவைக்கும். அந்த ஈஸ்டில் பேர்போனது பிரெத்தனோமைசீஸ். 1904இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையில் கிளவுசன் என்பவர் இங்கிலாந்துப் பியரில் இருந்து கண்டுபிடித்துப் பெயர் வைத்தார். பழைய தோல் செருப்பு, குதிரை வியர்வை என்று வாசம் சொல்லுவார்கள். கேட்க அருவருப்பாக இருக்கும், அளவோடு வந்தால் நன்றாகவே இருக்கும்.

எது நல்ல புளிப்பு, எது பழுது என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. சட்டித் தயிர் தின்று வளர்ந்தவர்கள். எருமைத் தயிர் இரண்டாம் நாள் புளிக்கிறதே, அந்த மாதிரி நாக்கின் ஓரத்தில் மெல்லப் புளித்தால் சரி. மூக்கைக் குத்தி, தொண்டையில் வினாகிரி மாதிரி கீறினால் பீப்பாய்க்குள் காற்று அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. அப்போது ஊற்றிவிடலாம்.

விஸ்கி வாசம் தேடுவது

அது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் வருவது. இது வேறு.

கிளாஸ் நிறைய ஊற்றுவது

ஒரு போத்தல் நாலு பேருக்கு.

முடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் எடுப்பது

ஆட்டோ பிடியுங்கள்.

லேபலைப் பார்த்து வாசம் சொல்வது

பொடியன்களிடம் ஆளுக்கு ஒரு கொப்பி கொடுத்து, வாயில் வந்ததை எழுதச் சொன்னேன். இரண்டு பேர் "வனிலா, ஓக், செர்ரி" என்று எழுதினார்கள். மூன்றும் லேபலின் பின்பக்கம் அச்சடித்தபடியே, அதே வரிசையில். செர்ரி தின்றிருக்கிறாயா என்று கேட்டால், கேக்கில் வைத்திருக்கும் சிவப்புச் சாமானைச் சொல்கிறான். எனக்கும் பல வருடம் இந்த வருத்தம் இருந்தது. தெரியாத பழத்தின் பெயரைச் சொல்லி விருந்தாளிக்கு முன்னால் தலையாட்டியிருக்கிறேன்.

பழுதாப் போச்சு என்று சொன்னவன் மட்டும் கிளாஸைத் திரும்ப மணந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியாக எழுதிக் காட்டினான்: "முதல்ல அடிப்பிடிச்ச பனங்கட்டி. மறுகா நாவல்பழம், கொட்டையோட மென்ட மாதிரி. முடியக்குள்ள ரெண்டு நாள் தயிர்." அந்தத் தாளைக் கிழித்து பாரின் உள்பக்கம், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.