கதிரியக்க மூலம்: செய்முறை வகுப்பில் செய்யக்கூடாதவை

இளநிலை இயற்பியல் ஆய்வகத்தில் கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுண்டரோடு பயன்படுத்தக் கொடுக்கும் சீசியம்-137 வில்லை சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதை விரலால் எடுக்காதீர்கள், இடுக்கியால் எடுங்கள். 1 செ.மீ. தூரத்தை 10 செ.மீ. ஆக்கினாலே கதிர்வீச்சு நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஈயம் வைத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்பதும் தவறு. ஸ்ட்ரான்ஷியம்-90 தரும் பீட்டா துகள்கள் ஈயத்தில் மோதினால் எக்ஸ் கதிர் பிறக்கும். முதலில் அக்ரிலிக் தகடு, வேண்டுமானால் அதற்கு வெளியே ஈயம். அப்புறம் அமெரிசியம்-241. ஆல்ஃபா துகளைக் காகிதமே தடுத்துவிடும் என்று இதை அலட்சியமாகக் கையாளுகிறார்கள். ஆனால் ஆல்ஃபா வெளியே வரவேண்டும் என்பதால்தான் அதன் மேலுறை அவ்வளவு மெல்லியது. இடுக்கி நுனி கீறினால் போதும், கசியும். உடம்புக்குள் போனால் ஆல்ஃபாதான் மிக மோசம். அந்த முகப்பைத் தொடவும் துடைக்கவும் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, எந்த மூலம் எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கும் பதிவேட்டை நினைத்துத்தான். 2010இல் தில்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருடம் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி பழைய சாமான்களோடு ஏலம் போனது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தே போனார். வகுப்பறை வில்லையின் வீரியம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் தொலையும் வழி ஒன்றுதான்: பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார், சாவி கைமாறுகிறது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

'பழசுதானே, வீரியம் போயிருக்கும்' என்றும் தள்ளிவிட முடியாது. கோபால்ட்-60 சுமார் 5.3 வருடத்தில் பாதியாகும், சரி. சீசியத்துக்கு 30 வருடம் ஆகும், அமெரிசியத்துக்கு 432.

வில்லையின் கதிரியக்க அளவைப் பார்த்து, 'மைக்ரோகியூரிதானே, உரிமம் எதற்கு?' என்ற கேள்வியும் வரும். சீசியம்-137க்கு சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் விலக்கு வரம்பு, அதாவது கட்டுப்பாட்டிலிருந்து விலக்குத் தரும் அளவு, 10,000 பெக்கெரல் (நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கெரல்). ஒரு மைக்ரோகியூரியே 37,000 பெக்கெரல்! நாட்டுக்கு நாடு வரம்பு மாறும் என்பதால் உங்கள் நாட்டு ஒழுங்குமுறை வாரியத்தின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வேண்டாதபோது எங்கே திருப்பிக் கொடுப்பது என்பதையும் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பு முடிந்ததும் பெட்டியைப் பார்த்து 'இருக்கிறது' என்று கையெழுத்துப் போடாதீர்கள். மாணவர்கள் கிளம்புமுன் மூடியைத் திறந்து, ஒவ்வொரு வில்லையின் எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பிறகு பூட்டுங்கள்.