நெருக்கடி நாளில் பி.ஆர். வேலை: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

நன்றாக எழுத வேண்டும், நாலு நிருபர்களைத் தெரிந்திருக்க வேண்டும், இது போதும் என்று நினைத்துத்தான் பலரும் பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு வேலைக்கு வருகிறார்கள். சாதாரண நாள்களுக்குப் போதும்தான். நிறுவனத்தின் பெயர் டிவியில் பிரேக்கிங் நியூஸாக ஓடும் நாளில் போதாது.

அன்று நடக்கும் பெரிய தவறு, மக்கள் ஒன்று கேட்க நாம் வேறொன்றுக்குப் பதில் சொல்வது. 2015 மேகி நூடுல்ஸ் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) ஈயம் இருந்ததாக ஆய்வக அறிக்கை வந்தது. அனுமதித்த அளவு 2.5. எங்கள் சோதனைகளின்படி பொருள் பாதுகாப்பானது என்றது மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே இந்தியா. ஆனால் வீடுகளில் எழுந்த கேள்வி வேறு: "அலமாரியில் இருக்கும் பாக்கெட்டைப் பிள்ளைக்குச் செய்து கொடுக்கலாமா, கூடாதா?" பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஜூன் 5 அன்றுதான் வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தடை உத்தரவும் அன்றே வந்தது. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறுபரிசோதனையிலும் மேகி தேறியது. ஆனாலும் நவம்பரில்தான் கடைக்குத் திரும்ப முடிந்தது. ஆய்வக அறிக்கை நீதிமன்றத்துக்கு உதவும். பயந்து நிற்கும் தாய்க்கு முதலில் அது உதவாது.

மக்கள் கேட்ட கேள்விக்கே பதில் சொன்ன நிறுவனமும் உண்டு. 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் தொழிற்சாலையில் நடந்த தவறல்ல அது. "எங்கள் குற்றமில்லை" என்று அந்த நிறுவனம் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் என்று மக்களை எச்சரித்து, அமெரிக்கா முழுவதிலுமிருந்து சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது ஊன்றிப் படிக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது, வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு. 2017 ஏப்ரலில் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்துச் சென்ற வீடியோ பரவியது. நிறுவனத்தின் தலைமை அதிகாரி வெளியே வருத்தம் தெரிவித்தார். ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பயணியையே குறை சொன்னார். கடிதம் வெளியே வந்தது, கோபம் இரட்டிப்பானது. ஊழியர்களுக்கு அனுப்புவது எதுவானாலும், நாளைய செய்தித்தாளில் வரும் என்று நினைத்தே எழுதுங்கள்.

முதலாளி சொன்னதை அப்படியே நிருபரிடம் ஒப்பிப்பதும் தவறுதான். ஆலைக்குப் போய், ஷிஃப்ட் மேற்பார்வையாளரிடம் நேரில் கேளுங்கள். நீங்கள் சொன்னது பொய்யென்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அந்த நிருபர் மறுபடி உங்கள் போனை எடுக்க மாட்டார்.

முழு விவரம் வரட்டும் என்று வாய்மூடி இருக்கவும் கூடாது. "இதுவரை தெரிந்தது இவ்வளவு, மாலை ஆறு மணிக்கு மறுபடி பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். புதிதாகச் சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆறு மணிக்குப் போன் செய்யுங்கள்.