பத்துக்குப் பத்து அறையில் முதல் ஆல்பம்: ஒத்திகை முதல் ஒலிப்பதிவு வரை

நான்கைந்து பேர் கொண்ட ஓர் இசைக்குழு, எந்த நிறுவனத்தின் துணையுமின்றித் தன் சொந்தப் பாடல்களை முதன்முறையாக ஆல்பமாகப் பதிவு செய்ய விரும்பினால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் முதல் முயற்சியில், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஒரு ஸ்டுடியோவை இரண்டு நாள்களுக்கு எடுத்து, அதில் பெரும்பகுதியை இரண்டாம் சரணத்துக்குப் பின் இடையிசை வேண்டுமா வேண்டாமா என்று விவாதிப்பதிலேயே செலவழித்தோம். ஊர் திரும்பியபோது கையில் இருந்தது ஒன்றரைப் பாட்டு. முடிவெடுக்க வேண்டியவை அனைத்தையும் ஒத்திகையிலேயே எடுத்துவிட வேண்டும் என்பதை அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம்; கீழே உள்ள படிகளின் வரிசையும் அதிலிருந்து வந்ததுதான்.

படி 1: பாடல்களையும் கட்டையையும் முடிவு செய்தல்

எட்டுப் பாடல் கொண்ட ஆல்பம் என்றால் பன்னிரண்டு பாடல்களோடு தொடங்குங்கள். ஒத்திகையில் நான்கு தாமாகவே உதிர்ந்துவிடும். ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு தாள் வைத்து, அதில் பல்லவி எத்தனை முறை, சரணத்துக்கு முன் எத்தனை சுற்று இடையிசை, முடிவு எப்படி என்பவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பாடகருக்கு எந்தக் கட்டை, அதாவது எந்த அடிப்படைச் சுருதி, வசதி என்பதையும் இப்போதே உறுதி செய்ய வேண்டும். கீபோர்டில் சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு என்று போகும். கிடார் வாசிப்பவர் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை நகர்த்தி நொடியில் சுருதியை மாற்றிக்கொள்வார். ஆனால் உங்கள் குழுவில் மிருதங்கம் இருந்தால் கதை வேறு. ஒரு மிருதங்கம் குறிப்பிட்ட சுருதிக்கென்றே செய்யப்படுவது. அதைச் சிறிதளவு ஏற்றி இறக்கலாமே தவிர, பதிவு நாளன்று திடீரென்று ஒரு கட்டை கூட்டச் சொன்னால் வேறு மிருதங்கம்தான் தேட வேண்டும். (நல்ல மிருதங்கத்துக்கும் வீணைக்கும் பண்ருட்டிப் பலாமரத்தைத் தேடி வருவார்கள், அது நம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.)

பழைய கவிதைக்கு மெட்டமைக்க எண்ணினால் உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு கவிதையின் பதிப்புரிமை, எழுதியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் 1921இல் மறைந்தார். புதுச்சேரியிலேயே பிறந்த பாரதிதாசன் 1964இல் மறைந்தார். ஆகவே இருவர் வரிகளுக்கும் அந்தக் காலவரம்பு முடிந்துவிட்டது. ஆனால் அவற்றுக்குப் பிறர் அமைத்த மெட்டு அந்த இசையமைப்பாளருக்கு உரியது என்பதால், மெட்டு உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

படி 2: வேகத்தை எண்ணால் குறித்தல்

கைப்பேசியில், சீரான வேகத்தில் தட்டொலி தரும் ஒரு மெட்ரோனோம் செயலியை நிறுவி, பாடல் இயல்பாக நடக்கும் வேகத்தை, நிமிடத்துக்கு 92 தட்டு, 104 தட்டு என்று எண்ணாகக் கண்டறிந்து தாளில் குறியுங்கள். உற்சாகத்தில் வாசிக்கும்போது எல்லோருக்கும் வேகம் ஏறும் என்பதால், பாடகர் வரிகளை மூச்சுத் திணறாமல் உச்சரிக்கக்கூடிய வேகத்தையே அளவாகக் கொள்ளுங்கள்.

பறை அல்லது தவில் வாசிப்பவர்கள் பலருக்கு, காதில் டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக்கோடு வாசித்துப் பழக்கம் இருக்காது. அவர்களை அதற்குள் திணிப்பதைவிட, கிளிக்குக்கு ஏற்ப வாசித்த ஓர் எளிய கஞ்சிரா அல்லது கைத்தட்டல் ஒலியைக் காதில் கொடுத்தால் இயல்பாகச் சேர்ந்துகொள்வார்கள். வேகம் ஏறி இறங்குவதே அழகாக இருக்கும் பாட்டுக்குக் கிளிக்கே வேண்டாம். அதை எல்லோரும் ஒன்றாக அமர்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வதுதான் சரி என்பது என் கருத்து.

படி 3: ஒத்திகை

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என ஆறு வாரம் ஒத்திகை பார்த்தால் எட்டுப் பாடல்கள் கைக்கு வந்துவிடும். முதல் இரண்டு வாரம் ஆம்ப் (கருவிகளின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல், பாடகரின் வெறும் குரல் அனைவருக்கும் கேட்கும் அளவுக்கு மெதுவாக வாசியுங்கள். சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாதபோதுதான் பேஸ் கிடாரும் தாளமும் எங்கே பிரிகின்றன என்பது தெரியவரும்.

ஒவ்வோர் ஒத்திகையையும் அறையின் நடுவில் வைத்த கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் காலையில் தனித்தனியாகக் கேளுங்கள். அன்றிரவே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

பதிவுக்கு முன் ஒரு முறையேனும் மக்கள் முன்னால் வாசிப்பது நல்லது. 1982இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருவிழா ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று நடப்பது. புதுச்சேரியிலும் அதைக் கொண்டாடுகிறார்கள். அப்படியொரு வாய்ப்பு வந்தால் புதிய பாடல்களை அங்கே வாசித்துப் பாருங்கள். எந்தப் பாட்டில் கூட்டம் பேசத் தொடங்குகிறதோ, அந்தப் பாட்டில் ஒரு சுற்றைக் குறைக்கலாம்.

படி 4: அறையை அறிந்துகொள்ளுதல்

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாடியில் உள்ள பத்துக்குப் பத்து அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே பத்தடி, அதாவது ஏறத்தாழ 3.05 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் அளவில் செல்வதால், அந்த இரு சுவர்களுக்கு இடையே 57 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி முன்னும் பின்னும் மோதி வீங்கும். பேஸ் கிடாரின் ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் எழுவது 55 ஹெர்ட்ஸ். ஆக, வாசிப்பவர் எவ்வளவு சீராக வாசித்தாலும் அந்த ஒரு சுரம் மட்டும் கும்மென்று பெருத்துக் கேட்கும். அகலமும் பத்தடியாக இருப்பதால் அது இரட்டிப்பாகும். எங்கள் பேஸ் கலைஞரை இதற்காக ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம்.

இதற்கு எளிய வழி, பேஸ் கிடாரை ஆம்ப் வைத்து மைக்கில் பிடிக்காமல் ஒயர் மூலம் நேரடியாக இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கருவிகளையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) செருகிப் பதிவு செய்து, வாசிப்பவர் ஹெட்போனில் கேட்பது. மற்றக் கருவிகளுக்காக, அறையின் நான்கு மூலைகளிலும் தடிமனான இலவம்பஞ்சு மெத்தைகளைக் குறுக்காக நிறுத்துங்கள். தரையில் ஜமுக்காளம், மைக்குக்கு எதிர்ச் சுவரில் கனமான போர்வை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டும் வேலையில் மட்டும் இறங்க வேண்டாம். அது வெளிச்சத்தத்தையும் தடுக்காது, கீழ்ச்சுரங்களின் வீக்கத்தையும் குறைக்காது, தீப்பிடித்தால் ஆபத்தும்கூட.

முற்றம் வைத்த பழைய வீடு நண்பர் யாருக்காவது இருந்தால், பறையையும் கைத்தட்டலையும் அங்கே பதிவு செய்யுங்கள். சிறிய அறையில் பறையின் ஒலி சுவரில் அறைந்து திரும்பி மைக்கைத் திணறடிக்கும். திறந்த முற்றத்தில் நான்கைந்து அடி தள்ளி வைத்த ஒரே மைக் அதை முழுமையாகப் பிடிக்கும்.

படி 5: நாளும் நேரமும்

ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, மார்கழி விடியலில் பாசுரம், மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கும் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும் செல்லும் சாமி ஊர்வலங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று நம் கடற்கரை ஊர்களின் நாட்காட்டி ஒலிப்பதிவுக்குச் சாதகமானதன்று. நல்ல நாள் பார்க்கும் தினசரிக் காலண்டரை நாங்கள் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம்: முகூர்த்த நாளில் பதிவு வைப்பதில்லை, ஏனெனில் அடுத்த தெருவில் கல்யாண மண்டபம் இருக்கிறது.

இரவு பதினொன்று முதல் விடியற்காலை நான்கு வரை குரலுக்கும் அக்கூஸ்டிக் கிடாருக்கும் ஏற்ற நேரம். அதன் பிறகு காகங்கள் எழுந்துவிடும். நேரடியாகச் செருகும் பேஸ், கீபோர்டு போன்றவற்றைப் பகலில் முடித்துக்கொள்ளலாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தண்டவாளத்துக்கு அருகில் உள்ள ஒரு வீட்டில் பதிவு செய்தபோது, மிகச் சிறந்த டேக்கின் (ஒரு முறை வாசித்துப் பதிவு செய்ததன்) கடைசி வரியில் ரயில் ஊதியது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னோம். சுருதி சேரவில்லை என்று மீதிப் பேர் மறுத்துவிட்டார்கள்.

பதிவு ஓடும்போது மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தியாக வேண்டும். ஒரு டேக் நான்கு நிமிடம்தான். இடைவேளையில் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் குளிரும் வெக்கையும் மாறும் ஒவ்வொரு முறையும் கம்பியும் தோலும் சுருதி மாறும் என்பதால், டேக் தொடங்குமுன் சுருதி காட்டும் ட்யூனரைப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். பறை வாசிப்பவர் பக்கத்தில் தோலைக் காய்ச்சுவதற்கான ஏற்பாடு, வீட்டுக்காரர் அனுமதியோடு, வெளியே இருக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் காய்ச்சிய தோல் வெகு சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. கிடார் கம்பிகளையும் உப்புக்காற்று விட்டுவைக்காது. பதிவுக்கு இரண்டு நாள் முன்பு புதுக் கம்பி மாட்டி, நன்றாக இழுத்துவிட்டு, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

படி 6: கருவிகளை இணைத்தல்

ஒரு லேப்டாப், குறைந்தது நான்கு மைக் உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ், மூடிய வகை ஹெட்போன்கள், உரத்த ஒலியைத் தாங்கும் இரண்டு டைனமிக் மைக், குரலுக்கு நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் ஒரு கண்டென்சர் மைக் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் தேவை. இன்டர்ஃபேஸில் அதற்கான பொத்தான் இருக்கும்.

லேப்டாப்பில் உள்ள ஒலிப்பதிவு மென்பொருளில், பதிவின் தர அளவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒலி அளவு மிக உரத்த இடத்திலும் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியை உயர்த்தும் திருகு) குறைத்து வையுங்கள். உச்ச வரம்பான பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த ஒலியைப் பின்னர் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. சற்றே குறைவாகப் பதிவானதை உயர்த்திக்கொள்ளலாம். பதிவின்போது பஃபர் அளவை (லேப்டாப் ஒரே தடவையில் கையாளும் ஒலித்துணுக்குகளின் எண்ணிக்கை) 128இல் வைத்தால் அதனால் வரும் தாமதம் மூன்று மில்லிநொடிக்கும் குறைவு. 1024இல் வைத்தால் 21 மில்லிநொடியாகி, பாடகர் தன் குரலைத் தானே துரத்திக்கொண்டிருப்பார்.

ஹெட்போனில் ஓயாத ரீங்காரம் கேட்டால், முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அது நின்றுவிட்டால், அந்த வீட்டில் எர்த் சரியில்லை என்று ஐயப்படலாம். எலக்ட்ரீசியனை அழைத்துப் பார்க்கச் சொல்வது உங்கள் கருவிக்கும் உயிருக்கும் நல்லது.

படி 7: பதிவு செய்யும் வரிசை

முதலில் கிளிக்கோடு ஒரு கிடாரும் குரலும் சேர்ந்த வழிகாட்டி ட்ராக்கை (மென்பொருளில் தனியாகப் பதிவாகும் ஒலித்தடம்) பதிவு செய்யுங்கள். இது இறுதியில் நீக்கப்படும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே டிரம்ஸ் அல்லது பறை, அடுத்து பேஸ், பிறகு கிடாரும் கீபோர்டும், கடைசியில் குரல் என்று செல்லுங்கள்.

குரலுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, இடையில் மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் வைத்து, முழுப் பாடலையும் நிறுத்தாமல் மூன்று முறை பாடச் சொல்லுங்கள். வரி வரியாக வெட்டிப் பாடினால் ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கவனிக்க ஒருவர் வரித்தாளோடு வெளியே அமர்ந்திருக்க வேண்டும்; சுருதியைக் கேட்கும் காது அதைத் தவறவிட்டுவிடும்.

படி 8: கோப்புகளைக் காத்து, மிக்சிங்குக்குக் கொடுத்தல்

மேற்சொன்ன அமைப்பில் ஒரு ட்ராக் ஒரு நிமிடத்துக்கு 8.64 எம்பி இடம் பிடிக்கும். எட்டு ட்ராக், நான்கு நிமிடப் பாட்டு என்றால் ஒரு டேக்குக்கு ஏறத்தாழ 276 எம்பி. எட்டுப் பாடலுக்கு ஐந்து டேக் வீதம் எடுத்தால் சுமார் 11 ஜிபி. அன்றன்றே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அவற்றை இரு வேறு வீடுகளில் வையுங்கள்.

மிக்சிங் செய்பவருக்கு, அதாவது எல்லா ட்ராக்குகளையும் கலந்து ஒரே பாட்டாக்குபவருக்கு, அனுப்பும்போது, ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்தே தொடங்கும் தனித்தனி வேவ் கோப்பாக, எந்த எஃபெக்ட்டும் சேர்க்காமல் எடுத்து, கோப்பின் பெயரில் பாடலையும் கருவியையும் குறிப்பிடுங்கள். வேகமும் கட்டையும் குறித்து சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாள்களையும் படம் எடுத்து உடன் அனுப்பிவிடுங்கள்.