ஐந்து நிமிட மேடைப் பேச்சு: முதன்முறை பேசுபவர்களுக்கு ஒரு செய்முறை

சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஓர் இளம் ஆசிரியை என்னிடம் வந்தார். அவருடைய பள்ளியில் சத்துணவு சமைத்துக்கொடுத்த அம்மா பணி ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழாவில் ஆசிரியர்கள் சார்பாக ஐந்து நிமிடம் பேச வேண்டும். மேடை ஏறுவது அவருக்கு அதுதான் முதல்முறை. கையில் முழுநீளத் தாளில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. "படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள், அக்கா" என்று நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீயே எழுந்து நின்று வாய்விட்டு வாசி, கேட்கிறேன்" என்றேன்.

வாசித்து முடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. மூன்றாவது வாக்கியத்தின் நடுவிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது கண்ணுக்காக எழுதப்பட்டிருந்தது. படிப்பவருக்குப் புரியாவிட்டால் முந்தைய வரிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. முதல்முறை பேசுபவர்கள் பயத்தைப் போக்க வழி கேட்டுத்தான் வருகிறார்கள். நான் பார்த்தவரை, பயத்தில் பாதி தயாரிப்பு முறையிலிருந்து வருகிறது. பேச்சைக் கையால் எழுதித் தயாரிக்காமல் வாயால் பேசித் தயாரித்தால் அந்தப் பாதி தானாகக் குறைந்துவிடும். அந்த ஆசிரியையோடு உட்கார்ந்து செய்ததையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரு வரி கிடைக்கும்வரை எழுதாதீர்கள்

தாளை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "அந்த அம்மாவைப் பற்றி என்ன சொல்லப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லவர், அக்கா."

"நல்லவர் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும், அக்கா. வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே இன்றைக்கு யார் வரவில்லை என்று சொல்லிவிடுவார். என் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை. நான் பதிவேட்டில் குறித்துக்கொண்டதோடு சரி. அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அவன் வீட்டு வாசலில் நின்று விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். பையனுக்குக் காய்ச்சல்."

நான்கு பக்கத்தில் இது எங்குமே இல்லை! "பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அறிந்தவர் இவர்." இந்த ஒரு வரிதான் பேச்சு. மற்றதெல்லாம் இந்த வரிக்குத் துணை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். உங்கள் பேச்சுக்கும் இப்படி ஒரு வரி தேடுங்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவரிடம், "என்ன பேசினார்?" என்று யாராவது கேட்டால் அவர் என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதுதான் அந்த வரி.

படி 2: அவையை விசாரித்துக்கொள்ளுங்கள்

திருக்குறளில் அவை அறிதல் 72ஆவது அதிகாரம். அவை அஞ்சாமை 73ஆவது. இந்த வரிசையை நான் எப்போதும் சொல்லிக்காட்டுவேன். முதலில் அறிதல், பிறகுதான் அஞ்சாமை. விழா ஏற்பாட்டாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எத்தனை பேர் வருவார்கள், பிள்ளைகளும் இருப்பார்களா, அறையா திறந்த வெளியா, எனக்கு முன்னால் யார் பேசுகிறார், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் பேசுபவர் தலைமை ஆசிரியர் என்றால், பணியில் சேர்ந்த ஆண்டு, பணியாற்றிய ஊர்கள் எல்லாவற்றையும் அவர் சொல்லிவிடுவார். நீங்கள் அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

படி 3: பேசிப் பதிவு செய்யுங்கள்

இப்போதும் எழுத வேண்டாம். கைபேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, எதிரில் ஒரு நண்பர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசுங்கள். திக்கும், தடுமாறும், பரவாயில்லை. பிறகு போட்டுக் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்க முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை பழகிவிடும். கேட்கும்போது, எந்த இடத்தில் உங்கள் குரல் தானாக உயர்கிறது, எந்த இடத்தில் இழுவையாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உயிருள்ள இடங்களை மட்டும் எடுத்து வரிசைப்படுத்துங்கள்.

நேரத்தையும் இந்தக் கட்டத்திலேயே அளந்துவிட வேண்டும். நாளிதழ்ச் செய்தி ஒன்றை எடுத்து, கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சொல்லும் நிதானத்தில் ஒரு நிமிடம் வாசித்து, சொற்களை எண்ணுங்கள். ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லப்படும் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. "போய்க்கொண்டிருந்தார்களாம்" என்பது நமக்கு ஒரு சொல். வாய்க்கு அது எவ்வளவு வேலை என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் வேகம் தெரிந்தபின், ஐந்து நிமிடத்துக்கு நான்கு நிமிடச் சரக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் கைதட்டல், ஒலிவாங்கியைச் சரிசெய்வது, ஒரு நொடித் தயக்கம் என்று மீதி நிமிடம் கரைந்துவிடும்.

1924இல் அமெரிக்காவின் சாந்தா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய, மேடைப் பேச்சு பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. புதியவரின் முதல் பேச்சு நான்கிலிருந்து ஆறு நிமிடம். நான்காம் நிமிடம் பச்சை விளக்கு, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது தம்பியிடமோ மகளிடமோ மூன்று வண்ணக் காகிதங்களைக் கொடுத்து இதையே செய்துபாருங்கள்.

படி 4: வாக்கியத்தை உடையுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார் என்ன செய்தார் என்பது தெரியக் கேட்பவர் வாக்கியத்தின் முடிவுவரை காத்திருக்க வேண்டும். நடுவில் எச்சங்களும் அடைமொழிகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்தால், வினை வந்து சேர்வதற்குள் எழுவாய் மறந்துபோகும். ஆசிரியை எழுதிவந்த தொடக்கம் இது:

"கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்பள்ளியில் பயின்ற எண்ணற்ற மாணவச் செல்வங்களின் பசிப்பிணி போக்கும் அரும்பணியில் தம்மை முழுமையாக அர்ப்பணித்துக்கொண்டு தன்னலமற்ற தொண்டாற்றிவந்த அம்மையார் அவர்களை வாழ்த்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்."

அரை மணி நேரம் பேசிப் பேசி உடைத்தபின் அது இப்படி ஆனது:

"போன ஆடி மாதம் என் வகுப்பில் ஒரு பையன் இரண்டு நாள் வரவில்லை. நான் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன். சமையல் அம்மா அவன் வீட்டுக்குப் போனார். அவனுக்குக் காய்ச்சல் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் நடந்திருக்கிறது."

ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு செய்தி. ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிகிறது. "தன்னலமற்ற தொண்டு" என்ற சொல் போய்விட்டது. தொண்டு கண்முன் வந்துவிட்டது. அடைமொழி எந்த அம்மாவுக்கும் பொருந்தும். காய்ச்சல்காரப் பையனின் வாசலில் நின்றவர் இவர் ஒருவர்தான்.

எந்தத் தமிழில் பேசுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வினைகளை முழுமையாக முடியுங்கள். சொற்களை வீட்டிலிருந்து எடுங்கள். "வந்தார், சொன்னார், தெரியும்" என்று முடியும்போது கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும். அதற்காக "சோறு" என்பதை "அன்னம்" என்று மாற்ற வேண்டியதில்லை. கதையில் வரும் ஒருவர் பேசியதைச் சொல்லும்போது மட்டும் அவர் பேசிய பேச்சிலேயே சொல்லலாம். ஆறுமுக நாவலர் பழைய நூல்களைப் பதிப்பித்த பெரும் புலவர். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கி, பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் பேசிவந்தார். கூடியிருந்த மக்களுக்கு விளங்கும் உரைநடையில் பேசுவதை அவர் தம் புலமைக்குக் குறைவாக நினைக்கவில்லை. நாம் ஏன் நினைக்க வேண்டும்?

படி 5: தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்

அவை வணக்கம் நம் மேடைகளில் பெரிய நேரந்தின்னி. தலைவர், முன்னிலை வகிப்பவர், சிறப்பு விருந்தினர், வார்டு உறுப்பினர் என்று ஒவ்வொருவராக விளித்துக்கொண்டிருந்தால் ஒன்றரை நிமிடம் போய்விடும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் வருத்தம் வேறு. தலைவரையும் விழா நாயகரையும் பெயர் சொல்லி, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரு வணக்கம். அது போதும், மரியாதைக் குறைவே இல்லை.

வணக்கத்துக்கு அடுத்த வாக்கியத்திலேயே கதைக்குள் போய்விடுங்கள். "எனக்குப் பேச வராது", "என்ன பேசுவதென்று தெரியவில்லை" என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்காகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவரை அது தளர்த்திவிடும்.

கடன் வாங்கிய வேடிக்கைக் கதையோடு தொடங்குவதிலும் ஆபத்து உண்டு. 1891இல் லண்டனிலிருந்து புறப்படும் முன் காந்தி தம் சைவ உணவு நண்பர்களுக்கு விருந்து கொடுத்தார். அடிசன் என்ற ஆங்கில எழுத்தாளர் நாடாளுமன்றத்தில் ஒரே சொல்லை மூன்று முறை சொல்லித் திணறிய கதையைச் சொல்லி, அதை வைத்து நகைச்சுவையாகப் பேசலாம் என்று தயாரித்து வந்திருந்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் நினைவு வரவில்லை. வந்ததற்கு நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இதை அவரே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் லட்சக்கணக்கானோர் அவர் பேச்சைக் கேட்கக் கூடினார்கள். முதல் மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டவருக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன?

முடிவுக்கு ஒரே வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னதும் வணக்கம் சொல்லி நிறுத்திவிட வேண்டும். "கடைசியாக ஒன்று" என்று சொல்லிவிட்டு மேலும் மூன்று சொல்பவரை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

படி 6: அட்டை எழுதுங்கள்

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பேச்சுப் போட்டிக்காக மூன்று பக்கத்தை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து போனேன். இரண்டாம் பத்தியில் ஒரு சொல் வரவில்லை. அந்தச் சொல் வராததால் அடுத்த வரி வரவில்லை. அடுத்த வரி வராததால் மீதி இரண்டு பக்கமும் வரவில்லை. அன்று மேடையில் நின்ற அந்த நிமிடம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் நடுப்பகுதியை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அஞ்சலட்டை அளவில் கெட்டி அட்டை நான்கு வெட்டிக்கொள்ளுங்கள். தாள் வேண்டாம், கை நடுங்கினால் தாளும் நடுங்கும், ஒலிவாங்கியில் சலசலக்கும். ஓர் அட்டைக்கு நான்கைந்து சொல், பெரிய எழுத்தில். ஆசிரியையின் முதல் அட்டையில் "பையன், 2 நாள், பதிவேடு, வாசல், காய்ச்சல்" என்று மட்டும் இருந்தது. மூலையில் எண் போட மறக்காதீர்கள். கீழே விழுந்தால் அடுக்க உதவும். பெயர்கள், ஆண்டுகள், எண்கள் ஆகியவற்றை மட்டும் முழுமையாக எழுதிவையுங்கள்.

பிறகு நின்றுகொண்டு, வாய்விட்டு, குறைந்தது ஐந்து முறை ஒத்திகை. ஒவ்வொரு முறையும் சொற்கள் கொஞ்சம் மாறும். மாறட்டும். கடைசி ஒத்திகையை வீட்டில் ஒருவர் முன்னால் செய்யுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். "என்ன நினைவிருக்கிறது?" என்று கேளுங்கள். உங்கள் ஒரு வரி அவர் வாயிலிருந்து வந்தால் பேச்சு தயார்.

படி 7: ஒலிவாங்கியும் மூச்சும்

முடிந்தால் கூட்டம் சேரும் முன்பே போய் மேடையில் ஒரு முறை நின்று பாருங்கள். ஒலிவாங்கியை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டுத்தான் முதல் சொல்லைச் சொல்ல வேண்டும். தட்டுவதோ ஊதுவதோ வேண்டாம். வாய்க்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி. நேராக அதற்குள் பேசாமல் சற்றே பக்கவாட்டில் பேசினால் "பள்ளி", "பையன்" போன்ற சொற்களில் காற்று "புஸ்" என்று அடிக்காது. கையில் பிடிக்கும் வகை என்றால், ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், கீச்சிடும். ழகரம் தடுமாறுகிறவர்கள் தங்கள் பேச்சில் அது வரும் சொற்களை மட்டும் தனியே எழுதிப் பத்து நாள் சொல்லிப் பழகினால் போதும்.

பெயர் அழைத்தவுடன் மெதுவாக நடந்து போங்கள். நின்றதும், மூச்சை நிதானமாக முழுவதும் வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பது தானாக நடக்கும். இடப்பக்கம் ஒருவர், நடுவில் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று மூன்று முகங்களைத் தேர்ந்துகொண்டு, ஒரு வாக்கியத்தை ஒருவருக்குச் சொல்லி முடித்தபின் அடுத்தவரிடம் போங்கள். மறந்துவிட்டால் பேசாமல் அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு யுகமாகத் தெரியும் அந்த மூன்று நொடி, கேட்பவருக்கு ஒரு மூச்சு நேரம்தான்.

இன்னும் ஒரு முன்னேற்பாடு மிச்சமிருக்கிறது. நம் விழாக்கள் குறித்த நேரத்தில் நடப்பதில்லை. நீங்கள் ஏறும் நேரத்தில் "சுருக்கவும்" என்று துண்டுச்சீட்டு வரலாம். எந்த அட்டையை விட்டுவிடலாம் என்று முன்பே ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவையுங்கள்.

அந்த ஆசிரியைக்கும் சீட்டு வந்தது. மூன்று நிமிடம் என்று எழுதியிருந்ததாம். நட்சத்திரம் போட்டிருந்த இரண்டு அட்டைகளை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். பையனின் கதையைச் சொல்லிவிட்டு, மனப்பாடம் செய்திருந்த கடைசி வாக்கியத்தைச் சமையல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாராம்: "அம்மா, நாளையிலிருந்து யார் வரவில்லை என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?" கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவன் எழுந்து, "நான் சொல்கிறேன், டீச்சர்" என்றானாம்.